ஒரு விசாவும் ஒரு ராணுவ ஒப்பந்தமும்: பாப்புலிச ஆட்சி வெளியுறவை எப்படி மாற்றுகிறது?

"மக்களின் குரல் நான்தான்" என்று சொல்லி ஆட்சியைப் பிடிக்கும் பாப்புலிஸ்ட் தலைவர்கள் நாட்டின் வெளியுறவுக் கொள்கையை எப்படி மாற்றுகிறார்கள்? மக்கள் விரும்புகிற திசையில்தானே கொண்டுபோவார்கள்? இதுதான் கேள்வி.

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நேர் எதிராகவும் நடக்கும். அதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் ரொட்ரிகோ டுடெர்டே ஆண்ட பிலிப்பைன்ஸ், 2016 முதல் 2022 வரை. உலகத்திலேயே அமெரிக்காவை அதிகம் விரும்பும் மக்களில் பிலிப்பினோக்களும் அடக்கம். 2015-இல் பியூ நிறுவனம் எடுத்த கணிப்பில் 92 சதவீதம் பேர் அமெரிக்கா மீது நல்ல எண்ணம் வைத்திருந்தார்கள். சீனாவைப் பற்றி உள்ளூர்க் கணிப்புகள் கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் அவநம்பிக்கைதான் வந்தது. அப்படிப்பட்ட மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர், பதவியேற்ற நான்கே மாதத்தில் பெய்ஜிங் போய், அமெரிக்காவை விட்டுப் பிரிகிறேன் என்று மேடையில் அறிவித்தார். மக்கள் கோபப்பட்டார்களா? 2020 செப்டம்பரில் பல்ஸ் ஏஷியா எடுத்த கணிப்பில் அவர் செயல்பாட்டுக்கு 91 சதவீத ஆதரவு இருந்தது.

மக்கள் கருத்து ஒரு பக்கம், வெளியுறவு எதிர்ப்பக்கம், இரண்டுக்கும் நடுவில் குறையாத செல்வாக்கோடு தலைவர். இந்தப் புதிர் அவிழ்ந்தால் கேள்வியின் முதல் பாதிக்கும் பதில் கிடைத்துவிடும்.

பாப்புலிசம் என்றதும் நம்மூரில் இலவசத் திட்டங்கள் ஞாபகத்துக்கு வரும். அரசியல் ஆய்வாளர்கள் பேசுவது வேறு. சமூகத்தில் இரண்டே தரப்புதான் உண்டு, ஒன்று நேர்மையான மக்கள், இன்னொன்று அவர்களை ஏமாற்றும் மேல்தட்டு. மக்களின் மனதை நேரடியாக அறிந்த தலைவருக்கு நீதிமன்றமோ பத்திரிகையோ அதிகாரியோ குறுக்கே நிற்கக் கூடாது. அவர்கள் சொல்லும் பாப்புலிசம் இந்தப் பார்வைதான். இதில் வெளிநாடு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் வெனிசுலாவின் சாவேஸ் 2005-இல் பெட்ரோகரீபே என்ற பெயரில் கரீபியன் நாடுகளுக்குச் சலுகை விலையில் எண்ணெய் கொடுத்து நட்பு வட்டம் கட்டினார். டிரம்ப் 2017-இல் பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். ஹங்கேரியின் ஓர்பன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்துகொண்டே பிரஸ்ஸல்ஸோடு மல்லுக்கு நின்றார். திசை ஆளுக்கு ஒன்று. பொதுவாக இருப்பது வேறொன்று: உள்ளூரில் தலைவர் யாரோடு சண்டை போடுகிறாரோ, அந்தச் சண்டைதான் எல்லை தாண்டியும் போகிறது. அவரை விமர்சிக்கும் நாடு நாட்டுக்கே எதிரி. அவரைக் கேள்வி கேட்காத நாடு நாட்டின் நண்பன்.

டுடெர்டே இருபது ஆண்டுகளுக்கு மேல் தெற்கே மின்டனாவ் தீவின் தவாவோ நகர மேயராக இருந்தவர். மணிலாவின் பழைய அரசியல் குடும்பங்கள், கத்தோலிக்க ஆயர்கள், தலைநகரப் பத்திரிகைகள் எல்லாம் அவருக்கு ஆகாது. 2016 மே தேர்தலில் 1.66 கோடி வாக்குகள், அதாவது 39 சதவீதம் வாங்கி அதிபரானார். போதைப்பொருளை ஒழிப்பேன் என்பதுதான் அவருடைய முதல் வாக்குறுதி. ஜூன் 30-இல் பதவியேற்றார். சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் உடல்கள் மணிலாவின் குடிசைப் பகுதிகளில் விழத் தொடங்கின. அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு 6,000-க்கு மேல். மனித உரிமை அமைப்புகளின் மதிப்பீடு அதைப்போலப் பல மடங்கு.

அமெரிக்க உறவு கெட ஆரம்பித்த இடமும் இதுதான். கடல் எல்லையோ வர்த்தகமோ ராணுவத் தளமோ காரணமில்லை. 2016 செப்டம்பர் தொடக்கத்தில் லாவோஸ் தலைநகர் வியன்டியனில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் மாநாடு. அங்கே ஒபாமாவைச் சந்திப்பதாக இருந்தது. ஒபாமா இந்தக் கொலைகளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கிளம்பும் முன் ஒரு நிருபர் கேட்டதற்கு, டுடெர்டே ஒபாமாவைத் தாயைச் சேர்த்துத் திட்டிவிட்டார். வெள்ளை மாளிகை சந்திப்பை ரத்து செய்தது. மறுநாள் வருத்தம் தெரிவித்தார்கள். ஆனால் அதே மாநாட்டில் அவர், அமெரிக்கப் படைகள் தெற்கு பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களைக் கொன்று குவித்த பழைய புகைப்படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் எல்லாத் தலைவர்கள் முன்னாலும் காட்டினார். என் நாட்டில் கொலை என்று நீ பேசாதே, நீ செய்தது இது, என்பதுதான் அதன் பொருள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் படம் பொய்யில்லை. 1898-இல் ஸ்பெயினிடம் 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸை வாங்கிய அமெரிக்கா, அதன் பிறகு அங்கே நடத்திய போர் மிகக் கொடூரமானது. 1901-இல் சமார் தீவின் பலங்கிகா ஊர்க்காரர்கள் வெட்டரிவாளோடு எழுந்து 48 அமெரிக்கச் சிப்பாய்களைக் கொன்றார்கள். பதிலுக்கு அமெரிக்கத் தளபதி ஒருவர் பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கொல்லச் சொல்லி உத்தரவிட்டார். பிறகு ராணுவ விசாரணையைச் சந்தித்தார். அந்த ஊர்த் தேவாலயத்தின் மூன்று மணிகளைப் போர் வெற்றிச் சின்னமாக எடுத்துக்கொண்டு போனார்கள். 1906-இல் புட் டாஜோ மலையில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோ முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். மணிலாவின் படித்த வர்க்கம் இதையெல்லாம் பெரிதாகப் பேசியதில்லை. மின்டனாவில் அது மறக்கவில்லை. டுடெர்டேக்குச் சொந்தக் காயமும் உண்டு: 2002-இல் தவாவோ ஓட்டல் ஒன்றில் வெடிபொருள் வெடித்துக் காயமடைந்த ஓர் அமெரிக்கரை, மேயரான தனக்கே தெரியாமல் அமெரிக்க அதிகாரிகள் நாட்டைவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவர் பல முறை கொந்தளித்திருக்கிறார்.

2017 ஜூலையில் நாடாளுமன்ற உரையில் அந்த மணிகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று அமெரிக்கத் தூதர் முன்னிலையிலேயே கேட்டார். முன்னாள் அதிபர் ராமோஸ் 1990-களில் முயன்று முடியாமல் போன காரியம். இரண்டு மணிகள் வயோமிங் விமானப்படைத் தளத்திலும் ஒன்று தென் கொரியாவில் இருந்த அமெரிக்கப் படைப்பிரிவிடமும் இருந்தன. 2018 டிசம்பர் 11-இல் மூன்றும் ராணுவ விமானத்தில் மணிலா வந்து இறங்கின. சில நாளில் பலங்கிகா தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் பலரின் மனமாற்றம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் டுடெர்டேயின் சத்தம் உதவியது. பாப்புலிஸ்ட் தலைவர்கள் எழுப்பும் மனக்குறைகளில் பல உண்மையானவை, மேல்தட்டு மூடிவைத்தவை. அதை ஒப்புக்கொள்ளாமல் அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தக் குறை எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதுதான் என் கவலை. 1906-இன் பிணங்கள் 2016-இன் பிணங்களை மறைக்கப் பயன்பட்டன.

சரி, சீனப் பக்கம் வருவோம். ஸ்கார்பரோ திட்டு என்பது தென்சீனக் கடலில், மணிலா இருக்கும் லூசோன் தீவிலிருந்து ஏறக்குறைய 220 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பவளத்திட்டு. பிலிப்பைன்ஸ் மீனவர்களின் பரம்பரை மீன்பிடி இடம். 2012 ஏப்ரலில் அங்கே இரு நாட்டுக் கப்பல்களும் எதிரெதிரே நின்றன. கடைசியில் பிலிப்பைன்ஸ் கப்பல்கள் விலகின, சீனக் கப்பல்கள் விலகவில்லை. அன்று முதல் திட்டு சீனாவின் கையில். அந்தச் சமயத்தில் சீனா பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்துக்குப் பூச்சிச் சோதனை என்று கெடுபிடி செய்ததில் துறைமுகங்களிலேயே பழங்கள் அழுகின. வாழை அதிகம் விளைவது தவாவோ வட்டாரத்தில். டுடெர்டேக்கு முன் ஆண்ட அகினோவின் அரசு 2013 ஜனவரியில் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டது. 2016 ஜூலை 12-இல் தீர்ப்பு: வரைபடத்தில் ஒன்பது கோடுகள் போட்டுச் சீனா கேட்கும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை. ஒரு சிறிய நாட்டுக்கு இதைவிடப் பெரிய சட்ட வெற்றி கிடைப்பது அபூர்வம். டுடெர்டே பதவிக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய வெளியுறவு அமைச்சர் இறுக்கமான முகத்தோடு, எல்லோரும் நிதானம் காக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொண்டார்.

இதே டுடெர்டே, தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் நடந்த விவாதத்தில் ஒரு மீனவரின் கேள்விக்கு, நானே ஜெட் ஸ்கீயில் போய் அங்கே நம் கொடியை நடுவேன் என்று சொன்னவர். மீனவர்கள் அதை நம்பி ஓட்டுப் போட்டார்கள். 2021 மே மாதம், அது சும்மா வேடிக்கைக்குச் சொன்னது, அதை நம்பியவர்கள் முட்டாள்கள் என்றார்.

2016 அக்டோபர் 20, பெய்ஜிங். மக்கள் மண்டபத்தில் தொழிலதிபர்கள் கூட்டம். அமெரிக்காவிடமிருந்து ராணுவத்திலும் பொருளாதாரத்திலும் பிரிகிறேன் என்று அறிவித்தார். அவரோடு போயிருந்த அமைச்சர்களுக்கே அது புதிய செய்தி. அமெரிக்காவுடன் வர்த்தகம் நிற்காது என்று வர்த்தக அமைச்சர் விளக்கம் கொடுக்க ஓடினார். நிதி அமைச்சரும் திட்ட அமைச்சரும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். ஊர் திரும்பியதும் டுடெர்டே, பிரிவு என்றால் உறவை வெட்டிக்கொள்வது இல்லை என்று இறங்கி வந்தார். பாப்புலிச ஆட்சிகளில் இது வாடிக்கை. கொள்கை முதலில் மேடையில் பிறக்கும், பிறகு அமைச்சகங்கள் அதற்கு அர்த்தம் தேடும். இதற்குக் கொடுக்கும் விலை சிறியதில்லை. எதிர்த்தரப்பு நாட்டுக்கு எந்த வாக்கியத்தை நம்புவது என்று தெரியாது. கூட்டாளி நாடு கெட்ட காலத்துக்குத் தயாராக ஆரம்பித்துவிடும்.

அந்தப் பயணத்தில் 2,400 கோடி டாலர் வாக்குறுதியோடு திரும்பினார்: 1,500 கோடி முதலீடு, 900 கோடி கடன். உடனடிப் பலன்கள் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. சீனா பழ ஏற்றுமதித் தடைகளைத் தளர்த்தியது. ஸ்கார்பரோ திட்டுக்குள் இருக்கும் நீர்ப்பரப்புக்குள் விடாவிட்டாலும் அதைச் சுற்றி மீன்பிடிக்கப் பிலிப்பைன்ஸ் படகுகளை விட்டார்கள். ஆனால் பெரிய வாக்குறுதிகளில் பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றுவிட்டது. சிகோ ஆற்றுப் பாசனத் திட்டம், கலிவா அணை போன்ற சிலவற்றுக்குக் கடன் வந்தது. மின்டனாவ் ரயில்பாதை உட்பட மூன்று பெரிய ரயில் திட்டங்களுக்குப் பணம் வரவே இல்லை. அடுத்த ஆட்சி அவற்றைச் சீனக் கடனிலிருந்து எடுத்துவிட்டது. அந்த ஆறு வருடமும் பிலிப்பைன்ஸுக்கு அதிக அளவு வளர்ச்சிக் கடன் கொடுத்தது, அதுவும் குறைந்த வட்டியில் கொடுத்தது, ஜப்பான். மேடையில் ஜப்பானைப் பற்றி ஆரவாரம் எதுவும் இல்லை.

சீனாவிடம் டுடெர்டேக்குக் கிடைத்த முதல் பொருள் பணம் இல்லை என்பது என் கணிப்பு. போதைப்பொருள் போரைப் பற்றிச் சீனா ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆதரவே தெரிவித்தது. இது சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஆட்சி மாறி, போதைப்பொருள் போரைக் குறை சொல்லாத அதிபர் வந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2017 ஏப்ரலில் டிரம்ப் தொலைபேசியில் டுடெர்டேயைக் கூப்பிட்டு, போதைப்பொருள் விஷயத்தில் பிரமாதமாகச் செய்கிறீர்கள் என்று பாராட்டினார். அந்த நவம்பரில் மணிலா விருந்தில் டுடெர்டே டிரம்ப் கேட்டுக்கொண்டதற்காகப் பாட்டே பாடினார். நூறு வருடக் காலனிக் காயம், ஏகாதிபத்திய எதிர்ப்பு எல்லாம் எங்கே போயிற்று? அமெரிக்கா அதே அமெரிக்காதான். கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அமெரிக்க செனட் நிறுத்தவில்லை. போதைப்பொருள் கொலைகளை விசாரித்த பிலிப்பைன்ஸ் செனட்டர் லெய்லா டி லிமாவை டுடெர்டே ஆட்சி 2017 பிப்ரவரியில் சிறையில் வைத்தது. அதற்குக் காரணமானவர்களை அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்று 2019 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் பட்ஜெட் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தது. 2020 ஜனவரியில் ரொனால்ட் டெலா ரோசாவின் அமெரிக்க விசா ரத்தான செய்தி வந்தது. அவர்தான் போதைப்பொருள் போரை நடத்திய முதல் காவல்துறைத் தலைவர், அப்போது செனட்டர், டுடெர்டேயின் தவாவோ காலத்து ஆள்.

ஜனவரி 23-இல் டுடெர்டே கெடு வைத்தார்: ஒரு மாதத்தில் அந்த விசாவைச் சரிசெய்யாவிட்டால் வருகைப் படைகள் ஒப்பந்தத்தை முறித்துவிடுவேன். 1998-இல் கையெழுத்தான இந்த ஒப்பந்தம்தான் அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸுக்குள் வந்து போவதற்கான சட்ட ஏற்பாடு. இது இல்லாவிட்டால் 1951-இன் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஏட்டளவில்தான் இருக்கும். பிப்ரவரி 6-இல் பிலிப்பைன்ஸ் வெளியுறவு அமைச்சர் டியோடோரோ லோக்சின் தன் நாட்டு செனட் குழு முன்னால் போய், இந்த ஒப்பந்தத்தால் நாட்டுக்கு என்னென்ன நன்மை என்று வரிசையாக எடுத்துச்சொல்லி, முறிப்பதைவிட மறுபரிசீலனை செய்வது நல்லது என்று வாதாடினார். ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 11-இல், ஒப்பந்தத்தை முறிக்கும் நோட்டீஸ் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக அறிவித்தவரும் அதே லோக்சின்தான்.

பாப்புலிச ஆட்சியில் வெளியுறவு அமைச்சகம் எங்கே நிற்கிறது என்பதற்கு இந்த ஐந்து நாளே போதும். நிபுணர் தன் அறிவைச் சொல்வார், தலைவர் தன் கோபத்தைச் சொல்வார், நிபுணரின் கையெழுத்தோடு தலைவரின் கோபம் தூதரகத்துக்குப் போகும். வாஷிங்டனில் நடந்ததும் கவனிக்கத் தக்கது. பாதுகாப்பு அமைச்சர் மார்க் எஸ்பர் இது தவறான திசை என்றார். டிரம்ப், எனக்கு ஒன்றுமில்லை, பணம் மிச்சம் என்றார். இரண்டு தலைவர்களுக்கும் எழுபது வருடக் கூட்டணி பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கவலைப்பட்டதெல்லாம் இரு பக்கத்து அதிகாரிகளும் ராணுவத்தினரும்தான்.

முறிவு அமலாக 180 நாள் அவகாசம். ஜூன் மாதம் டுடெர்டே அதை நிறுத்திவைத்தார். பிறகு இரண்டு முறை நீட்டித்தார். 2020 டிசம்பரில், இரண்டு கோடி தடுப்பூசியாவது தராவிட்டால் அமெரிக்கர்கள் வெளியேறட்டும் என்றார். 2021 பிப்ரவரியில், ஒப்பந்தம் வேண்டுமானால் காசு கொடுங்கள் என்றார். கடைசியில் 2021 ஜூலை இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் மணிலா வந்தபோது முறிவை வாபஸ் வாங்கினார். தடுப்பூசி தந்ததற்குப் பதில் மரியாதை என்று சில நாளில் விளக்கமும் சொன்னார். ஒன்றரை வருடம் நாட்டின் பாதுகாப்பின் அடித்தளம் முதலில் ஒரு விசாவுக்காகவும், பிறகு தடுப்பூசிக்காகவும், நடுவில் காசுக்காகவும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில்தான், 2021 மார்ச்சில், தென்சீனக் கடலின் ஜூலியன் பிலிப்பே பாறைத்திட்டில் ஏறக்குறைய 220 சீனக் கப்பல்கள் வந்து நங்கூரமிட்டு நின்றன. அந்த நேரத்தை அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்களா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் கூட்டணி ஆடிக்கொண்டிருந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இதைவிடச் சின்னதாக, ஆனால் இன்னும் தெளிவாக நடந்தது ஐஸ்லாந்து விவகாரம். 2019 ஜூலையில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் போதைப்பொருள் கொலைகளைப் பற்றி அறிக்கை கேட்டு ஐஸ்லாந்து கொண்டுவந்த தீர்மானம் 18-க்கு 14 என்று நிறைவேறியது. அடுத்த மாதமே, ஆதரித்த 18 நாடுகளோடு கடன், மானியப் பேச்சுகளை நிறுத்தச் சொல்லி எல்லாத் துறைகளுக்கும் அதிபர் மாளிகையிலிருந்து சுற்றறிக்கை போனது. சில மாதம் கழித்து அது சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்டது. எந்தத் திட்டம் நாட்டுக்குத் தேவை என்று பார்க்கவில்லை, தலைவரைப் பற்றி யார் கேள்வி கேட்டார்கள் என்று பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் யார்? 2019 ஜூன் 9 நள்ளிரவு வாக்கில், தென்சீனக் கடலின் ரெக்டோ கடல்மேட்டில் நங்கூரமிட்டு நின்ற ஜெம்-வெர் என்ற மீன்பிடிப் படகை ஒரு சீனக் கப்பல் இடித்துவிட்டுப் போய்விட்டது. படகில் 22 பேர். மின்டோரோ தீவின் சான் ஹோசே ஊர்க்காரர்கள். இருட்டில், பாதி மூழ்கிய படகைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகக் கிடந்தவர்களை ஒரு வியட்நாம் மீன்பிடிப் படகு வந்து காப்பாற்றியது. பிலிப்பினோ படகுகள் சூழ்ந்துகொள்ளும் என்று பயந்துதான் கப்பல் போய்விட்டது என்றது சீனத் தூதரகம். டுடெர்டே பல நாள் வாய் திறக்கவில்லை. திறந்தபோது, அது ஒரு சின்னக் கடல் விபத்து என்றார். ஏழை எளியவர்களுக்காக மேல்தட்டோடு மோத வந்தேன் என்றவர், தன் சொந்த மீனவர்கள் நடுக்கடலில் கைவிடப்பட்டபோது இடித்தவர்களின் வார்த்தையைத்தான் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் ஒன்று வெளியே வந்தது. பிலிப்பைன்ஸின் தனிப் பொருளாதார மண்டலத்தில், அதாவது கடல் வளம் கரை நாட்டுக்கே உரிய கடற்பகுதியில், சீனர்கள் மீன்பிடிக்கலாம் என்று சீன அதிபர் ஷி ஜின்பிங்கோடு வாய்மொழியாகவே பேசி ஒத்துக்கொண்டதாக டுடெர்டேயே சொன்னார். அந்த மண்டலத்தின் கடல் வளம் பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் இல்லை, செனட்டின் பார்வைக்குப் போகவில்லை. பாப்புலிஸ்ட் தலைவர்களுக்குத் தலைவரும் தலைவரும் நேருக்கு நேர் பேசி முடிப்பதுதான் பிடிக்கும். நடுவில் அதிகாரிகள் குறிப்பெடுத்தால் மேல்தட்டு புகுந்துவிடும் என்ற எண்ணம். ஆனால் எழுதாத ஒப்பந்தத்தில் பலசாலி சொல்வதுதான் செல்லும். அயுங்கின் திட்டில் தரைதட்டி நிற்கும் பழைய பிலிப்பைன்ஸ் போர்க்கப்பலுக்குப் பழுதுபார்க்கும் பொருட்களை அனுப்புவதில்லை என்று டுடெர்டே ஒத்துக்கொண்டதாகச் சீனத் தரப்பு பிற்பாடு பேசியபோது, அடுத்த அதிபருக்கு அப்படி ஒன்று இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

இதையெல்லாம் படித்தால் ஒரு மனிதர் நாட்டையே திருப்பிவிட்டார் என்று தோன்றும். அதுவும் முழு உண்மை இல்லை. 2017 மே மாதம் மின்டனாவின் மராவி நகரத்தை ஐ.எஸ். ஆதரவுக் குழுக்கள் பிடித்துக்கொண்டபோது ஐந்து மாதம் சண்டை நடந்தது. அமெரிக்கக் கண்காணிப்பு விமானங்கள் உதவின. பிலிப்பைன்ஸ் அரசு கேட்டுத்தான் உதவுகிறோம் என்றது அமெரிக்கத் தூதரகம். நான் கேட்கவே இல்லை, வந்த பிறகுதான் எனக்குத் தெரியும் என்றார் டுடெர்டே. அதாவது ராணுவம் தன் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. 2020 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில், தீர்ப்பாயத் தீர்ப்பு சர்வதேசச் சட்டத்தின் பகுதி ஆகிவிட்டது, எந்த அரசும் அதை நீர்க்கச் செய்ய முடியாது என்று டுடெர்டே படித்தார். அது வெளியுறவு அமைச்சகத்தின் குரல். எட்டு மாதம் கழித்து டிவியில், அது வெறும் காகிதம், குப்பைத்தொட்டியில் போட வேண்டியது என்றார். அது அவருடைய சொந்தக் குரல். பதவிக்காலத்தின் கடைசி மாதங்களில், 2022 ஜனவரியில், அவருடைய பாதுகாப்பு அமைச்சகம் இந்தியாவிடமிருந்து ஏறக்குறைய 37.5 கோடி டாலருக்குப் பிரம்மோஸ் ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. கரையிலிருந்து கப்பலைத் தாக்கும் ஏவுகணை. தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் யாருடைய கப்பலை மனதில் வைத்து அதை வாங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பாப்புலிசத்தின் பாதிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பது உள்நாட்டு அமைப்புகளின் வலுவைப் பொறுத்தது. பிரேசிலில் போல்சனாரோ, தன் இவாஞ்சலிக்க ஆதரவாளர்களுக்காகத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றுவேன் என்றார். அரபு நாடுகளுக்கு இறைச்சி விற்கும் பெரிய பண்ணையாளர்களும் அவருடைய ஆதரவாளர்களே. 2019-இல் ஒரு வணிக அலுவலகம் திறந்ததோடு அது நின்றது. ஹங்கேரியில் நேர்மாறு. ஓர்பன் ஆட்சி நீதித்துறையிலும் ஊடகத்திலும் அதிகார அமைப்பிலும் வேரூன்றிய பிறகு குறுக்கே நிற்க யாரும் இல்லை. அங்கே எல்லாம் கணக்காக நடந்தது: 2023 டிசம்பரில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியைத் தடுத்தார், அந்த உச்சிமாநாட்டுக்கு முந்தைய நாள்தான் ஐரோப்பிய ஆணையம் முடக்கி வைத்திருந்த நிதியில் ஏறக்குறைய 1,000 கோடி யூரோவை ஹங்கேரிக்கு விடுவித்தது. டுடெர்டேயின் கோபத்தைவிட இந்த வகைதான் அதிக நாள் நிற்கும், அதிகம் சேதம் செய்யும் என்று நினைக்கிறேன்.

புதிருக்குத் திரும்பலாம். அமெரிக்காவை விரும்பிய மக்கள் ஏன் டுடெர்டேயைத் தண்டிக்கவில்லை? அவர்கள் ஓட்டுப் போட்டது தெருவில் பாதுகாப்புக்காக, மணிலா குடும்பங்கள் மீதான வெறுப்புக்காக. சீனக் கொள்கைக்காக இல்லை. வெளியுறவு பெரும்பாலான வாக்காளர்களுக்கு ஐந்தாவது ஆறாவது விஷயம். அங்கேதான் தலைவருக்கு இஷ்டப்படி ஆட இடம் கிடைக்கிறது. எந்த வெளிநாட்டு விமர்சனத்தையும் "நம்மை அவமானப்படுத்துகிறார்கள்" என்று திருப்பிவிட்டால், அமெரிக்காவை விரும்புகிறவரும் அந்த நிமிடம் தலைவர் பக்கம் நிற்பார். மக்களின் வெளியுறவு விருப்பம் மாறாமலே வெளியுறவு மாறுவது இப்படித்தான்.

2022 ஜூன் 30-இல் பெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியர் பதவிக்கு வந்தார். எட்டு மாதத்தில் அமெரிக்கப் படைகளுக்குக் கூடுதலாக நான்கு தளங்கள், மொத்தம் ஒன்பது. ஆடிய திசைக்காட்டி பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆனால் திரும்பாத ஒன்றும் உண்டு. 2018 பிப்ரவரியில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் போதைப்பொருள் கொலைகளை ஆராயத் தொடங்கினார். அடுத்த மாதமே அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக டுடெர்டே அறிவித்தார். 2019 மார்ச் 17-இல் விலகல் அமலானது. ஒரு நாடு சர்வதேச உடன்படிக்கையை விட்டது, ஒரு மனிதர் மேல் வழக்கு வரக்கூடாது என்பதற்காக.

அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. உறுப்பினராக இருந்த காலத்துக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. 2024 ஜனவரியில் மார்கோஸ், அந்த விசாரணைக்கு ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டேன் என்றுதான் சொன்னார். டுடெர்டேயின் மகள் சாராதான் மார்கோஸின் துணை அதிபர். பிறகு இரண்டு குடும்பங்களும் முட்டிக்கொண்டன. 2025 பிப்ரவரி 5-இல் சாரா மீது கீழ்ச்சபை பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. மார்ச் 11-இல் ஹாங்காங்கிலிருந்து மணிலாவில் வந்திறங்கிய டுடெர்டே கைதாகி, அன்றிரவே அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக்குக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். அவருடைய கொலைகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சர்வதேச நீதிமன்றத்தோடு ஒத்துழைப்பதா வேண்டாமா என்ற முடிவும் உள்வீட்டுச் சண்டையை ஒட்டியே மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். உடன்படிக்கைக்குள் பிலிப்பைன்ஸ் மறுபடி சேரவில்லை. 2019 மார்ச் 17-க்குப் பிறகு அங்கே போலீஸ் துப்பாக்கிக்கு யாராவது பலியானால், மணிலா திரும்பச் சேரும்வரை, அந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்ட அவர்கள் குடும்பத்துக்கு வழி இல்லை.